மன்னர் மடியில் ஒரு கைக்குழந்தை

கிர்ர்ர்... டொக்.

இருட்டியபின் அந்தச் சத்தம் கேட்டதும் போர்வைக்குள் புகுந்துகொண்டவர் யாரோ எவரோ அல்ல. அந்தக் காலத்தில் நெடுங்கரை நாட்டைக் கட்டியாண்ட இடியேறு மன்னர்தான். யானைமேல் ஏறினால் சிங்கம், படுக்கையில் ஏறினால் பூனைக்குட்டி.

அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். திரைக்குப் பின்னாலிருக்கும் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வேலும் வாளுமாக ஒரு பட்டாளம் உள்ளே பாயும். சத்தம் நின்றுவிடும்.

"நம் ஆட்களைக் கண்டு பேய் ஓடிவிட்டது பிரபு," என்பார் புதிய காவல் தலைவர் கனகராயர். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்ப்போம்."

சேர்த்துச் சேர்த்து, ஊரில் ஆண்பிள்ளை எவனும் ராத்திரி வீட்டில் தங்குவதில்லை என்றாகிவிட்டது.

ஒருநாள் செங்கமலம் என்பவள் கைக்குழந்தையோடு சபைக்கு வந்தாள். அவள் புருஷனும் அரண்மனைக் காவலன்.

"மகாராசா, என் வீட்டுக்காரரை அனுப்பி வைங்க. ராத்திரியில தனியா எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கனகராயர் சிரித்தார். "பேயைப் பிடித்துக் கொடு, புருஷனைக் கூட்டிப் போ."

"சரிங்க."

மன்னருக்கு ரோசம் வந்துவிட்டது. "முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டே போகவேண்டும். சம்மதமா?"

செங்கமலம் குழந்தையை மன்னர் பக்கம் நீட்டியபடி சொன்னாள்: "சம்மதம். இன்னைக்கு ராத்திரி இவளை நீங்கதான் வச்சுக்கணும். கூப்பிடாம யாரும் உள்ளே வரக்கூடாது. சத்தம் கேட்டா இவ உங்க மூஞ்சியத்தான் பார்ப்பா. நீங்க மிரண்டா அழுவா. இவ அழுதா பேய் தப்பிச்சு ஓடிரும், நீங்க எங்க ஓடுவீங்க?"

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அன்றிரவு ராணியும் செங்கமலமும் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள்.

கிர்ர்ர்... டொக்.

குழந்தை விழித்தது. உதடு பிதுங்கியது. போர்வையைத் தேடிப் போன கையை மன்னர் பாதியில் நிறுத்தி, குழந்தையின் முதுகில் வைத்தார். மீசைக்கடியில் எப்படியோ ஒரு சிரிப்பை வரவழைத்தார்.

"ஒன்றுமில்லையம்மா, ஒன்றுமில்லை."

தட்டத் தட்ட, யாரைச் சமாதானப்படுத்துகிறோம் என்பது அவருக்கே குழம்பிப்போயிற்று. குழந்தை கண்ணை மூடியது, அவர் மூச்சும் சீரானது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அப்போதுதான் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டார். குழந்தையைத் தோளில் சாய்த்தபடி எழுந்துபோய்த் திரையை விலக்கினார்.

பின்கதவு காற்றில் மெல்லத் திறந்தது, கிர்ர்ர். தானே சாத்திக்கொண்டது, டொக்.

கதவிடுக்கில் கனகராயரின் வாளும், பின்னாலேயே தலையும் வந்தன. "பிரபு, பேய்..."

"மெதுவாகப் பேசும், குழந்தை தூங்குகிறது. இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்றது யார்?"

"அடியேன்தான். பதவிக்கு வந்த அன்றே. ஆபத்தென்றால் நாங்கள் ஓடிவர வழி வேண்டுமே..."

"சத்தமும் அன்றைக்குத்தானே வந்தது? நாளை முதல் நீர் காவல் தலைவர் இல்லை. செங்கமலம் வீட்டில் தொட்டில் ஆட்டும்."

"ஐயோ வேண்டாம் மகாராசா," என்றாள் உள்ளே வந்த செங்கமலம். "தொட்டில் கிர்ருன்னா பட்டாளத்தையே கூட்டிட்டு வந்துருவாரு."

ராணி சிரித்தாள், மன்னர் சத்தமில்லாமல் குலுங்கினார். செங்கமலத்தின் புருஷனை அழைத்து, குழந்தையை அவன் கையில் கொடுத்தார். அது கண் திறந்து புது முகத்தைப் பார்த்தது, அழவில்லை.

"எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்," என்றார் மன்னர்.

"தாங்கள் தனியாகவா பிரபு?" என்றார் கனகராயர்.

மன்னர் தம் நெஞ்சைத் தாமே இரண்டு தட்டு தட்டிக்கொண்டார். பிறகு பின்கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார்.