தொட்டித் தண்ணீருக்கு ஒரு கையெழுத்து

மாவட்ட அலுவலக கேன்டீனில் சமைப்பவள் பேச்சியம்மாள். கெட்டுப்போன சாப்பாட்டால் ஊரில் நோய் பரவாமலிருக்க அவசரத் திட்டம் போட்ட அதிகாரி வேதமூர்த்தி, கலெக்டர் கூட்டத்துக்கே அவளை வரவழைத்தார்.

"உன் சாப்பாட்டால யாருக்கும் வயித்துவலிகூட வராதுன்னு எழுதிக் கொடும்மா. இல்லேன்னா கேன்டீனை மூடிடுவேன்."

பேச்சியம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "எழுதித் தர்றேன் ஐயா. சமைக்கிறது நம்ம ஆபீஸ் மாடித் தொட்டித் தண்ணியில. அது சுத்தம்னு முதல்ல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

வேதமூர்த்தி பேனாவைத் திறந்தார். கலெக்டர் பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

அன்றே தொட்டியைக் கழுவினார்கள். உள்ளே செத்த புறா கிடந்தது.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்த வேதமூர்த்தி, "தண்ணியைக் கொதிக்க வெச்சியாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இத்தனை நாளும் கொதிக்க வெச்சதாலதான் ஐயா, நீங்க தெம்பா உக்காந்து திட்டம் போட்டீங்க" என்றபடி பேச்சியம்மாள் ரசம் ஊற்றினாள்.