மூடிய இலை

மலையடி மடத்துச் சாமிக்கு வயது முப்பத்தைந்து இருக்கலாம். தாடி மட்டும்தான் அறுபதைக் காட்டும். ஞாயிறுதோறும் பாடம் சொல்வார். பாடம் முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறக் கிளம்பிவிடுவார்.

செண்பகவல்லி அவரிடம் பாடம் கேட்கிறவள். அவளுடைய கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதும் அந்த மடம்தான். மஞ்சள் காமாலை வந்து படுத்ததில் அவளுடைய படிப்பு பின்தங்கிவிட்டது. நான்கு வருடப் படிப்பு இப்போது ஐந்தாகிவிட்டது. நான்குக்கு மேல் மடம் ஒரு காசும் தராது என்று விடுதியில் யாரோ காதில் ஊதிவிட்டார்கள். மடத்தில் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போவதென்று தானாகவே முடிவு கட்டிவிட்டாள். சொல்லிக்கொண்டு போகத்தான் அன்று வந்திருந்தாள்.

பந்தியில் சோறு இறங்கவில்லை. கூட உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பாதிச் சோற்றோடு இலையை மூடினாள்.

இரண்டாம் முறை மோர் வாளியோடு வந்த சாமி அவளைத் தாண்டிப் போனார். வரிசைக் கடைசியில் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தச்சருக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து நின்றார்.

“வயிறு நிறைஞ்சிருச்சா தாயி?”

“இல்ல சாமி.”

“அப்புறம் ஏன் மூடுன?”

“எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க.”

“அவங்களுக்கு நிறைஞ்சிருச்சு, எந்திரிச்சாங்க. உனக்கென்ன?”

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. காமாலை, ஐந்தாம் வருடம், ஜவுளிக்கடை என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சாமி வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“காலேஜுல டி.சி. வாங்கிட்டியா?”

“நாளைக்குத்தான் போகணும்.”

“அப்ப இன்னும் கை கழுவல.”

சாமி குனிந்து மூடிய இலையைத் தம் கையாலேயே விரித்தார். மூடிய இலையை மடத்தில் யாரும் தொட்டு அவள் பார்த்ததில்லை.

“படிக்கிற பிள்ளைக்குக் கட்டணும்னுதான் இங்க ஏற்பாடு. நாலு வருஷம்னு நாங்க யாரும் சொல்லலையே. காலேஜுல இருந்து பேரை மட்டும் எடுத்துடாத. எடுத்துட்டா நாங்க யாருக்குன்னு கட்டுறது?”

அப்பாடா என்றிருந்தது செண்பகவல்லிக்கு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த பசியும் வந்துவிட்டது. சாமி சோற்றின் மேல் மோரை ஊற்றினார்.

பிறகும் அவளுக்கு ஒரு சந்தேகம்.

“சாமி, அஞ்சாம் வருஷத்துலயும் ஏதாச்சும் பாடத்துல தவறிட்டேன்னா? அப்பவும் கட்டுவீங்களா?”

“ஊத்துறது என் வேலை” என்றார் சாமி. “நீ பேச்சை விட்டுட்டுப் பிசை, தாயி. மோர் ஓடுது.”