பிழைக்கொட்டு

ஆறு இருந்தது, அணை இல்லை. அப்படி ஒரு காலத்தில் நடந்த சங்கதி இது. நீங்களும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்லுவேன், கேளுங்கள்.

தாழையூர் என்று ஒரு பட்டணம். அதை ஆண்ட ராஜா செங்கதிர்மாறன். நல்ல ராஜாதான், ஒன்றும் சொல்வதற்கில்லை. கோபம் வந்தால் மட்டும் கண்ணு மண்ணு தெரியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருப்பாரே, அந்த மாதிரி.

பட்டணத்தை ஒட்டிக் குமிழியாறு. வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல். பிள்ளைகள் ஓடி விளையாடும், ஆடுகள் படுத்து அசைபோடும். ஆனால் தூரத்து மலையில் மழை கொட்டிவிட்டால் போச்சு! ஊரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு வந்துவிடும்.

அதற்காகவே மூன்று முரசு வைத்திருந்தார்கள். மலைமேல் ஒன்று, காவல் கொம்பன். ஆறு வளைகிற இடத்தில் ஒரு பெரிய மேடு; அங்கே ஒன்று, காவல் மருதாயி. கோட்டை வாசலில் ஒன்று, காவல் பேச்சிமுத்து. மலையில் அடிப்பது கோட்டைக்குக் கேட்காது. கொம்பன் அடிப்பதை மருதாயி கேட்டு அடிக்கவேண்டும், மருதாயி அடிப்பதைப் பேச்சிமுத்து கேட்டு அடிக்கவேண்டும்.

மூன்று முரசுக்கும் மூன்று கொட்டு உண்டு. சாயங்காலம் ஒரே ஒரு அடி, அது மாலைக்கொட்டு. 'நான் விழித்திருக்கிறேன், முரசு நன்றாக இருக்கிறது' என்று அர்த்தம். தண்ணீர் வந்தால் படபடவென்று நிறுத்தாமல் அடிப்பது வெள்ளக்கொட்டு. அது கேட்டதும் ஊரே மருதாயியின் மேட்டுக்கு ஓடி வந்துவிடவேண்டும். மூன்றாவதுதான் பிழைக்கொட்டு. தெரியாமல் அடித்துவிட்டால், நிதானமாக மூன்று அடி. திம்... திம்... திம். 'என் தப்பு, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்' என்று அர்த்தம்.

பிழைக்கொட்டு அடித்தவருக்கு ஒரே ஒரு தண்டனை. மூச்சிரைக்க ஓடிவந்த ஊருக்கெல்லாம் அவரே தட்டைப்பயறு வேகவைத்துச் சுண்டல் கொடுக்கவேண்டும். ஊர் சுண்டலைத் தின்னும், சிரிக்கும், கேலி பேசும், கலைந்து போகும். அவ்வளவுதான்.

மருதாயி நல்ல கைகாரி. அவள் அடித்தால் முரசு பேசும். வாயும் அப்படித்தான். முழங்கால் மட்டும் வலி, ஓட முடியாது. ஒரே மகள் பூவாத்தாளை ஆற்றங்கரைத் தெருவில் கட்டிக்கொடுத்திருந்தாள். அந்த மகள்தான் அவளுக்கு உலகம்.

ஒரு நாள் மத்தியானம் இடி இடித்தது. மருதாயிக்கு அது கொம்பனின் முரசாகக் கேட்டுவிட்டது. எடுத்தாள் கோலை, அடித்தாள் வெள்ளக்கொட்டு! ஊரே குழந்தை குட்டி, சட்டி பானையோடு மேட்டுக்கு ஓடியது. ராஜாவும் ஓடினார். அந்த நேரம் பார்த்து நாவிதர் ராஜாவுக்கு மீசை திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. பக்கத்து நாட்டுத் தூதரும் கூடவே ஓடிவந்தார். ஓடி முடித்து, மூச்சு வாங்கி, நிதானமாக ராஜாவின் முகத்தைப் பார்த்தார்.

தூதர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைத்தான் ராஜாவால் தாங்கமுடியவில்லை.

மருதாயி மூன்று அடி அடித்தாள், சுண்டல் வேகவைத்தாள். ஊர் தின்றது, சிரித்தது, போனது. ராஜா மட்டும் தொன்னையைத் தொடவே இல்லை. அரண்மனைக்குப் போனார், மூன்று ஆணை போட்டார்.

முதல் ஆணை: தப்பாக முரசு அடித்தால் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம். இரண்டாம் ஆணை: பிழைக்கொட்டு அடித்தால் வேலையும் போகும், ஊரை விட்டும் போகவேண்டும். 'என் நாட்டில் தப்புக்கென்று ஒரு கொட்டா, வெட்கக்கேடு!' என்றார். மூன்றாம் ஆணை: ஒரு வருஷம் பிழையே இல்லாமல் காவல் காத்தால் மூன்று பேருக்கும் பட்டுச் சால்வை.

அன்றோடு நாட்டில் பிழையே இல்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன், ஒரு பிழைகூட யார் காதிலும் விழவில்லை!

என்ன நடந்தது தெரியுமா? ஒன்பதாம் மாதம் மலைமேல் ஒரு எலி கொம்பனின் முரசுத் தோலைக் கடித்துக் குதறிவிட்டது. புதுத் தோல் வேண்டும் என்றால் அரண்மனைக்குச் சொல்லவேண்டும். சொன்னால், "நீ என்ன லட்சணத்தில் காவல் காத்தாய்?" என்பார்கள். கொம்பன் முரசின் மேல் ஒரு துணியைப் போர்த்தினான், அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

கீழே மேட்டில் மருதாயி மாலைக்கொட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சத்தமே இல்லை. முதல் நாள், 'கண் அசந்துவிட்டேனோ?' என்று நினைத்தாள். இரண்டாம் நாள், 'காது மந்தமாகிவிட்டதோ?' என்று நினைத்தாள். மூன்றாம் நாள், 'கேட்கவில்லை என்று சொன்னால் தூங்கினாய் என்பார்களே' என்று நினைத்தாள். மகள் வேறு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். ஊரை விட்டுத் துரத்திவிட்டால் பிரசவம் பார்ப்பது யார், பேரப்பிள்ளையைத் தூக்குவது யார்? மூன்று நாளும் கேட்ட மாதிரியே ஒரு அடி அடித்தாள்.

அதைக் கேட்டுப் பேச்சிமுத்து ஒரு அடி அடித்தான். அதைக் கேட்டு ராஜா மேல்மாடத்தில் மீசையை முறுக்கினார். இப்போது இரண்டு பக்கமும் ஒழுங்காக வளர்ந்திருந்தது.

"பார்த்தீர்களா, கண்டிப்பு என்றால் இது!" என்றார்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. மருதாயி தினமும் சாயங்காலம் கோலை எடுக்கும்போது ஒரு தடவை மலையைத் திரும்பிப் பார்த்தாள். அடித்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் அடித்தாள்.

வருஷம் முடிந்தது. ராஜா பிழையில்லாப் பெருவிழா எடுத்தார். எங்கே எடுத்தார் தெரியுமா? எங்கும் இடம் போதவில்லை என்று ஆற்றுமணலிலேயே எடுத்தார்! பந்தல் என்ன, தோரணம் என்ன, கொம்பு என்ன, மேளம் என்ன! ஊரே மணலில் கூடிவிட்டது. நிறைமாதக்காரி பூவாத்தாளும் வந்து, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஊரே மணலில் இருக்கும்போது கோட்டை முரசுக்கு வேலை இல்லை என்று வந்திருந்த பேச்சிமுத்துக்கு முதல் சால்வையைப் போர்த்தினார் ராஜா. மேட்டுக்காரியும் மலைக்காரனும் காவலை விட்டு இறங்கக்கூடாது என்பதால் அவர்கள் சால்வைகள் தாம்பாளத்தில் காத்திருந்தன.

மருதாயி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் மஞ்சள் சேலை அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. பார்த்துச் சிரித்துவிட்டு, சும்மா ஆற்றின் மேல்பக்கம் திரும்பினாள்.

மணலில் ஒரு ஈரக்கோடு ஓடி வந்துகொண்டிருந்தது. செம்மண் நிறம். மேலே நுரை, நுரையோடு மலை மரத்துப் பச்சை இலை. மலையில் பெரிய மழை! இன்னும் ஒரு நாழிகையில் தண்ணீர் மொத்தமும் வந்துவிடும். கொம்பன் ஏன் அடிக்கவில்லை என்று யோசிக்க நேரம் இல்லை. கோலை எடுத்தாள். படபடபடவென்று வெள்ளக்கொட்டு!

கீழே என்ன செய்தார்கள் தெரியுமா? ஆடினார்கள்! ஆமாம் ஐயா, ஆடினார்கள். மேளத்தோடு மேளமாக அதுவும் சேர்ந்துகொண்டது. "அடடா, மருதாயி என்னமாய் அடிக்கிறாள்!" என்று கிழவர்கள்கூட இடுப்பை வளைத்து ஆடினார்கள். அவள் வேகமாக அடிக்க அடிக்க, அவர்கள் வேகமாக ஆடினார்கள்.

பேச்சிமுத்து ஒருத்தனுக்கு மட்டும் அது என்ன கொட்டு என்று புரிந்தது. தோளில் கை வைத்துப் பார்த்தான். பட்டு வழவழவென்று இருந்தது. 'போன தடவை மாதிரி இடியாக இருந்தால்? இந்த ராஜா முன்னால் நான் வாயைத் திறப்பதா?' என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டான்.

மருதாயி கத்தினாள், காற்று கொண்டுபோனது. ஓட நினைத்தாள், முழங்கால் மடங்கவில்லை. ஈரக்கோடு அவள் கண் முன்னாலேயே வாய்க்கால் அளவு ஆகிவிட்டது. கீழே மஞ்சள் சேலை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அடிப்பதை நிறுத்தினாள். ஒரு மூச்சு இழுத்தாள். 'வேலை போகட்டும், ஊரும் போகட்டும், என் மகள் இருந்தால் போதும்' என்று சொல்லிக்கொண்டாள். கோலை ஓங்கி, நிதானமாக அடித்தாள்.

திம்.

திம்.

திம்.

ஆடிய கால்கள் நின்றன. ஊதிய கொம்பு நின்றது. அந்தக் கொட்டுக்கு யாரால் ஆட முடியும்? பிழைக்கொட்டு! பிழையில்லாப் பெருவிழாவில், ராஜாவின் காதில் விழுகிற மாதிரி, பிழைக்கொட்டு!

ராஜாவின் முகம் மிளகாய்ப் பழம் ஆகிவிட்டது. "கொண்டு வா கழுதையை!" என்று கத்தினார். "இப்போதே, அந்த மேட்டிலேயே வைத்து அவளை ஏற்றுகிறேன்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார்.

ராஜா போனால் சேனை போகாதா? சேனை போனால் ஊர் போகாதா? கழுதை ஊர்வலத்தை வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? பந்தலில் ஒரு ஈ காக்கை மிச்சமில்லாமல் அத்தனை பேரும் ராஜா பின்னாலேயே மேடு ஏறிவிட்டார்கள்.

"ஐயோ, எங்க ஆத்தா!" என்று பூவாத்தாளும் எழுந்தாள். பத்தடி நடந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கடைசியாகக் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்த வண்ணான் அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, கழுதை சும்மாதானே போகுது, ஏறிக்க. வரும்போதுதானே உங்க ஆத்தாளுக்கு வேணும்!" என்று ஏற்றிவிட்டான்.

மேட்டில் ராஜா மூச்சிரைத்தபடி நின்றார். "ஏ மருதாயி! என்ன தைரியம் உனக்கு? என்ன பிழை செய்தாய், சொல்!"

மருதாயி அவரைப் பார்க்கவில்லை. சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுதையும் அதன்மேல் மஞ்சள் சேலையும் மேட்டு விளிம்பைத் தாண்டியதும் கோலைக் கீழே போட்டாள்.

"மகராசா, மூணு மாசமா மலைமுரசு எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி பொய்யா அடிச்சேன். உங்களுக்குப் பயந்து அடிச்சேன். அது என் தப்பு. இப்ப கழுதையில ஏத்துங்க."

ராஜா வாயைத் திறந்தார். அவர் குரலுக்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. ஆறு வந்தது. ஆள் உயரம், ஆனை உயரம், அதற்கும் மேல்! பந்தல் போனது, தோரணம் போனது, பொங்கல் பானை உருண்டு போனது. தாம்பாளத்தோடு சால்வைகளும் போயின. ஊரே மேட்டில் நின்று, வாயில் கை வைத்துப் பார்த்தது.

பிறகு பேச்சிமுத்து சால்வையை உருவித் தரையில் வைத்தான். "எனக்கு வெள்ளக்கொட்டு கேட்டுச்சு மகராசா, நான் சொல்லல" என்று முரசை மூன்று அடி அடித்தான். பின்பக்க மலைப்பாதையில் நனைந்து நடுங்கிக்கொண்டு கொம்பன் ஓடிவந்தான். "எலி கடிச்சுத் தோல் கிழிஞ்சு மூணு மாசமாச்சு, மறைச்சிட்டேன்" என்று அவனும் மூன்று அடி அடித்தான்.

ராஜா மூன்று பேரையும் பார்த்தார். மேட்டில் நிற்கிற தன் ஊரைப் பார்த்தார், கீழே ஓடுகிற தன் விழாவைப் பார்த்தார். பிறகு கோலைக் கையில் வாங்கினார்.

"எலி கடித்தது தோலை மட்டும்தான். மூன்று முரசின் வாயையும் அடைத்தவன் நான்" என்றார்.

திம். திம். திம்.

மருதாயிதான் முதலில் சிரித்தாள். "அப்ப சுண்டல் யாரு வேகவைக்கிறது?" என்று கேட்டாள்.

வேறு யார்? ராஜாதான்! கழுதை முதுகிலேயே, தண்ணீர் எட்டாத மேல்தெரு வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பயறு வந்தது. ராஜா வேட்டியை வரிந்து கட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அகப்பையால் கிண்டினார். அதே நேரம், பக்கத்தில் இருந்த முரசுக் குடிசையில் பூவாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருதாயி தன் கையாலேயே பேத்தியை எடுத்தாள்.

ஊர் வரிசையில் உட்கார்ந்தது. முதல் வாய் போட்டவர் முகம் கோணியது. இரண்டாமவர் இருமினார். மூன்றாமவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். ராஜா சமைத்ததை உப்புக் கரிக்கிறது என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மென்றார்கள்.

ராஜா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். நின்றார். அகப்பையைக் கீழே வைத்தார். யாரும் சொல்லாமல் தானாகவே முரசுக்கு நடந்துபோய், திம்... திம்... திம் என்று மூன்று அடி அடித்தார்.

அன்று அந்த மேட்டில் எழுந்த சிரிப்பு மலைமுரசு வரைக்கும் கேட்டிருக்கும். மூன்று ஆணையும் அப்போதே ரத்து; மலைமுரசுக்குப் புதுத் தோலும் மறுநாளே போய்ச் சேர்ந்தது.

கதை முடிந்தது, அதன் நீதி இதுதான்: தப்பு செய்தவர் பயமில்லாமல் 'என் தப்பு' என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் எந்த ஏற்பாடும் ஒழுங்காக வேலை செய்யும்.