இருபத்தைந்துக்கு ஏழு

தவமணி பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து, நாற்பது வயதில் நூலக அறிவியல் படிக்கச் சேர்ந்தார். கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அது மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

பயிற்சிக்கு அவரை ஊர் நூலகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் வாசகர் உதவி மேசையில் உட்கார வேண்டும். வாசகர்களிடம் பேசும் திறனுக்கு நூலகர் மதிப்பெண் போடுவார். நூலகர் ஹமீதா அவரைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

கடைசி நாள், மாலை நான்கு மணிக்கு, வெளியூர்க் கூட்டத்திலிருந்து திரும்பிய ஹமீதா மதிப்பெண் தாளைக் கொடுத்தார். இருபத்தைந்துக்கு ஏழு.

தவமணி தாளோடு அவர் அறைக்குள் நுழைந்தார்.

“யாரையாவது மரியாதைக் குறைவாப் பேசினேனா மேடம்?”

“இல்லை.”

“வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லலையா?”

“சொன்னீங்க.”

“கேட்ட புத்தகத்தை ஒரு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்தேனா இல்லையா?”

“கொடுத்தீங்க.”

“அப்புறம் எதுக்கு ஏழு?”

ஹமீதா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். கடைசி மேசையில் ஒரு பெண் தடித்த அகராதியின் மேல் குனிந்திருந்தாள்.

“அவங்க எப்ப வந்தாங்க?”

“காலைல பத்து மணிக்கு. இங்கிலீஷ்-தமிழ் அகராதி கேட்டாங்க. கொடுத்தேன்.”

“எதுக்குக் கேட்டாங்க?”

“அது அவங்க சொந்த விஷயம். தலையிட நான் யாரு?”

“போய்க் கேட்டுட்டு வாங்க.”

தவமணி போனார். மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

“வேற ஏதாவது வேணுமாம்மா?”

அந்தப் பெண் ஒரு தாளை முழங்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். “ஒண்ணும் வேணாம் சார்.”

“ஒண்ணும் வேண்டாமாம்” என்று திரும்பி வந்தார். முகத்தில் ஜெயித்த களை.

ஹமீதா எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. நேராகப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளைப் பார்க்கவில்லை, அகராதியைத்தான் பார்த்தார்.

“எந்த வார்த்தைலம்மா நிக்கிறீங்க?”

அவள் விரலை வைத்துக் காட்டினாள். “இதுக்கு ‘வெளியேற்று’ன்னு போட்டிருக்கு. யாரை வெளியேத்துறாங்கன்னுதான் பிடிபடலை.”

அதன் பிறகுதான் தாள் வெளியே வந்தது. அவள் பெயர் பச்சையம்மாள். வெளியேற்றப்போவது அவளைத்தான். பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தராவிட்டால் வீட்டை இடித்துவிடுவோம் என்று நகராட்சி அலுவலகத்தின் ஆங்கில நோட்டீஸ் சொன்னது. இன்று பதினைந்தாவது நாள். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும்.

“இதைக் காலைலேயே சொல்லியிருக்கலாமே!” தவமணி கத்தினார். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பச்சையம்மாள் எழுந்தே விட்டாள்.

“யார்கிட்டச் சொல்றது? அகராதி வேணும்னேன். இந்தாங்கன்னு நீட்டினீங்க, அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டீங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவ, நானே தேடிப் பார்த்துக்கலாம்னு உட்கார்ந்தேன். ஆறு மணி நேரம் சார்! என் வீட்டை இடிக்கிறேன்னு எழுதியிருக்கான். அதை நான் ஒவ்வொரு வார்த்தையாத் தேடிக்கிட்டு இருக்கேன்!”

தவமணிக்கு அப்போதும் கோபம்தான். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஹமீதா ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள், வீட்டு வரி யார் பெயரில் வருகிறது, இதற்கு முன்னால் நோட்டீஸ் ஏதும் வந்ததா. பச்சையம்மாள் சொல்லச் சொல்லத் தவமணி மறுப்பை எழுதினார். அவளைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு பறந்தார். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட குமாஸ்தா “நாளைக்கு வாங்க” என்றார். முத்திரை விழாமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று தவமணி மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். முத்திரை விழுந்தது.

நூலகத்துக்குத் திரும்பியபோது விளக்குகள் போட்டிருந்தார்கள்.

“மறுப்பைக் கொடுத்தாச்சு மேடம். இனி விசாரிக்காம அவங்க வீட்டுல கை வைக்க முடியாது. இப்பவாவது அந்த மார்க்கைத் திருத்துங்க.”

ஹமீதா வாசகர் உதவிப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். யார் என்ன கேட்டாலும் பயிற்சிக்கு வந்தவர் அதில் எழுதிவைக்க வேண்டும். தவமணியின் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. கேட்டது: அகராதி. கொடுத்தது: அகராதி. ஆன நேரம்: ஒரு நிமிடம். அடுத்த பக்கத்திலும் அப்படியே.

“இந்த மாசம் உங்ககிட்ட அகராதி கேட்டவங்க பதினோரு பேர்” என்றார் ஹமீதா. அவர் குரலில் சூடு இன்னும் தணியவில்லை. “பச்சையம்மாள் எதுக்குக் கேட்டாங்கன்னு தெரிஞ்சிருச்சு. மத்த பத்துப் பேரும் எதுக்குக் கேட்டாங்க சார்?”