ஆவுடைநாதர் திரும்பப் பெற்ற வீடு

கானலூரை வீரகண்ட ராஜா ஆண்ட காலத்தில் மழை தவறினாலும் தவறும், வீட்டு வாடகை மட்டும் மாதந் தவறாது. ஊரில் பாதி வீடுகள் அரண்மனை அதிகாரிகளுடையவை. மீதிப் பாதி அவர்களுடைய மைத்துனர்களுடையவை.

பூக்கட்டிப் பிழைக்கும் தாயம்மை, தலைமைக் கணக்கர் ஆவுடைநாதரின் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் குடிவந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை. கொல்லையில் ஆவுடைநாதர் கிணறு என்று காட்டிய இடத்தில் முள்ளும் குப்பையும்தான் கிடந்தன. தாயம்மை கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து அதைத் தூர் வாரினாள். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர் வரும் ஊரில், அவள் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி ஊறியது. கூரை போட்டாள், கதவு வைத்தாள். கொல்லை நிறைய மல்லிகை வைத்தாள். தெருவே மணத்தது.

மணம் ஆவுடைநாதர் மூக்குக்கும் எட்டியது.

"எம் பொண்ணும் மாப்பிள்ளையும் குடிவரப் போறாங்க. காலி பண்ணு" என்றார்.

"பண்றேன் சாமி. நான் செஞ்சதுக்கு ஏதாச்சும் பாத்துக் குடுங்க. வேற எடத்துல செடி வச்சுப் பூக்குற வரைக்கும் நான் எதைத் தின்பேன்?"

"நீ என்னத்தச் செஞ்சே? கூரை, கிணறு எல்லாம் எங்க பாட்டனார் காலத்துலேருந்து இருக்கு!"

தாயம்மைக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேரே அரண்மனைக்குப் போனாள். அங்கேயும் ஆவுடைநாதர் கண் இமைக்காமல் சொன்னார்: "மகாராஜா, இவள் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை."

ராஜாவுக்கு அப்போதுதான் பாயசத்தோடு சாப்பாடு முடிந்திருந்தது. கண் சொக்கியது. "வீடு யாருடையது?" என்று கேட்டார்.

"அடியேனுடையது."

"அப்புறம் என்ன வழக்கு? அம்மா, முறைப்படி வீட்டை ஒப்படைத்துவிடு."

அந்த நேரம் பார்த்து அவைப் புலவர் கூத்தபிரான் எழுந்தார். "மகாராஜா, தலைமைக் கணக்கர் பெரிய மனிதர். ஒப்படைப்பு இந்தச் சபையிலேயே நடக்கட்டும். அவருக்கும் பெருமை." ஆவுடைநாதருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவும் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் தாயம்மை புலவரை மறித்தாள். "நீங்களுமா சாமி அந்தப் பக்கம்?"

"குடிவந்தப்போ என்ன வாங்கினியோ, அதை மட்டும் சொல்லு தாயம்மா. ஒரு பொய்கூட வேண்டாம். மெதுவாச் சொல்லு, போதும்." அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கானலூரில் வீடு காலி செய்ய ஒரு முறை உண்டு. குடியிருந்தவர் தாம் வாங்கியதை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் "வந்து சேர்ந்தது" என்று ஒப்புக்கொள்ளவேண்டும். முடிவில் வெற்றிலைத் தட்டு கைமாறும். நடுவில் ஒன்றை மறுத்துவிட்டால் அன்றைக்கு ஒப்படைப்பு கிடையாது, மறுபடி நல்ல நாள் பார்க்கவேண்டும்.

கூத்தபிரான் குறித்துக் கொடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நடுவில் வரும் சனி ஆகாத நாள்; ஞாயிறன்று ஆடி பிறக்கிறது. ஆடியில் எந்த மாப்பிள்ளை புதுவீடு புகுவான்? காலையிலேயே ஆவுடைநாதர் பட்டு உடுத்தி வந்துவிட்டார். புலவரோ ஆடி அசைந்து வந்து, ராஜாவின் மேல் ஒரு பாட்டுப் பாடி, அதற்கு உரையும் சொல்லி முடித்தார். தட்டு வந்தபோது ராகுகாலம் நெருங்கிவிட்டது.

தாயம்மை தட்டோடு நின்றாள்.

"மூணு செவரு."

"வந்து சேர்ந்தது."

"நாலாவது செவரு இருந்த எடம்."

"வந்து சேர்ந்தது." ஆவுடைநாதரின் கண் முழுக்க, ராகுகால மணி அடிக்கும் காவலன் மேலேயே இருந்தது.

"கூரை இல்லாத ரெண்டு அறை."

"வந்தது, வந்தது! மேலே சொல்லு!"

"கதவு இல்லாத நெலை."

"அதுவும் வந்தது!"

"முள்ளும் குப்பையுமா... ஒரு பள்ளம்."

"வந்தாச்சும்மா! தட்டைக் கொடு!" பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். மணி அடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். "எங்கே சாவி?"

தாயம்மை விழித்தாள். "கதவே இல்லாத வீட்டுக்கு நீங்க சாவி குடுக்கலையே சாமி?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூத்தபிரான் எழுந்தார்.

"கணக்கரே, கொடுத்ததெல்லாம் குறைவில்லாமல் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது. மகாராஜாவே சாட்சி!"

"நல்லது. தாயம்மா, நீ வீட்டுக்குப் போகலாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றார் ராஜா.

"கூரை, கதவு, கிணறு, மல்லிகை எல்லாம் உள்ள வீட்டுக்கு, மகாராஜா. கணக்கர் பெற்றுக்கொண்டதில் இவை ஒன்றுமே இல்லையே. அது வேறு வீடாகத்தான் இருக்கவேண்டும்."

"அநியாயம்! இரண்டும் ஒரே வீடுதான்!" ஆவுடைநாதர் குதித்தார். "கூரை போட்டதே இவள்தான்! கிணறு தூர் வாரினதும் இவள்தான்! கதவு..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்? சபை முழுக்கக் கேட்டுவிட்டது.

ராஜாவுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. "ஆணிகூட அடிக்கவில்லை என்றீரே, கணக்கரே? தாயம்மை செய்தது ஒவ்வொன்றுக்கும் உரிய விலையை அவள் கையில் வைக்கிறவரை அவள் அங்கேதான் இருப்பாள். வாடகையும் வாங்கக்கூடாது."

தாயம்மைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்தப் பருவத்து மல்லிகை அவளுக்குத்தான்.

ஆவுடைநாதர் வெற்றிலைத் தட்டோடு தள்ளாடினார். "மகாராஜா, ஆடி பிறக்கப்போகிறதே! என் மகளும் மாப்பிள்ளையும் எங்கே குடிபோவார்கள்?"

"இதென்ன கவலை?" என்றார் கூத்தபிரான். "இப்போதுதானே மகாராஜா சாட்சியாக ஒரு வீட்டைப் பெற்றுக்கொண்டீர்கள்? நல்ல காற்றோட்டம். மாப்பிள்ளையை முதலில் அந்தப் பள்ளத்தில் குப்பை அள்ளச் சொல்லுங்கள். உங்கள் பாட்டனார் வெட்டிய கிணறு அடியில்தான் இருக்கும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார்.