ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அக்காக்கள்

தூத்துக்குடிக் கடல் மேல் ஆணை. என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல் மேல் ஆணை. இதில் ஒரு வார்த்தை பொய் என்றால் அந்த நாலும் இப்போதே உதிரட்டும். ஐந்தாவது பல் போன தடவை சொன்ன கதையில் உதிர்ந்தது. அது வேறு விஷயம்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறவன் நான்.

குருவின் பெயர் லூர்தம்மாள். துறைமுகம் போகிற சாலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் அசையமாட்டாள். ஒரு தடவை அப்படி நின்றபோது தோளில் காகம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. பறக்கிற வயது வந்ததும் குஞ்சுகளுக்குப் பாஸ்போர்ட் அளவில் படம் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

நாங்கள் ஐந்து பேர் அவளிடம் கேமரா பழகப் போனோம். ஐந்து பேரும் முகம் வரைகிறவர்கள். படம் வரையச் சொல்லி வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எங்கள் முன் மூன்று நாள் வந்து உட்காரத்தான் யாருக்கும் பொழுதில்லை. போட்டோ பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரையலாமே என்று டிஜிட்டல் கேமரா வாங்கினோம். வயதைப் பார்க்காமல் அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டோம்.

சீடர் என்று நான் சொன்னது எங்களில் ஒருவரான தங்கப்பழத்தை. ஓர் இடத்தில் நிற்கமாட்டார். அவரோடு ஓடிக் களைத்த அவர் நிழல் பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடும். சாயங்காலம் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்.

முகம் வரைகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிச்சமும் நிழலும் தனித்தனியாகத் தெரிவதற்காகக் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பான். தங்கப்பழம் கேமராவுக்குள்ளும் அப்படியே பார்த்தார். முதல் நாள் எடுத்த நாற்பது படமும் கலங்கல்.

"கேமரா கெட்டுப்போச்சு மாஸ்டர்."

"கண்ணைத் திறங்க அண்ணாச்சி."

இரண்டாம் நாள் என்னை உட்காரவைத்து, "பத்து நிமிஷம் அசையாதீரும்" என்றார். ஒரு விரல் அழுத்தினால் படம் விழுந்துவிடும் என்பதை மறந்துவிட்டார். நானும் மறந்துபோய் அசையாமல் இருந்தேன்.

மூன்றாவது வாரம்தான் விஷயம் முற்றியது.

தங்கப்பழத்தின் அக்கா ஞானசுந்தரி தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். இடது தாடையில் கட்டி வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை மதுரையில் ஆபரேஷன். தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுக்கவேண்டும், முகம் பழையபடி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஊர்ல பாதிப் பேரை வரைஞ்சிருக்க. என்னைய ஒரு தடவையாவது வரைஞ்சியால?" என்று அக்கா கேட்டார்.

"நீதான் வீட்டுலயே இருக்கியே, எப்ப வேணாலும் வரையலாம்னு விட்டுட்டேன்."

"இப்ப வரை. புதன்கிழமைக்கு முன்ன வேணும். அதுக்குப் பிறகு கண்ணாடியில தெரியுறவ யாருன்னு எனக்கே சந்தேகம் வந்தா, சுவத்துல ஒருத்தி இருந்து 'நீதான்டி'ன்னு சொல்லணும்."

வலியோடு அவரால் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரே இருப்பாக இருக்க முடியாது. தங்கப்பழம் கேமராவைத் தூக்கினார்.

அக்கா கஞ்சி குடிக்கும்போது எடுத்தார். பால்காரரைத் திட்டும்போது எடுத்தார். மத்தியானத் தூக்கத்தில் எடுத்தார். ஐந்து நாளில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். வீட்டுக்குள் அவர் நடந்த நடையில் சிமெண்டுத் தரையில் பள்ளம் விழுந்து, அதில் மழைத்தண்ணீர் நின்று, தவளை வந்து குடியேறியது. ஆணை ஏற்கெனவே வைத்துவிட்டேன், திரும்ப வைக்க வேண்டியதில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரைந்து காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இது?" என்றார் அக்கா.

இன்னொன்றைப் பார்த்து வரைந்தார்.

"இவளை எங்கயோ பாத்திருக்கேன். திருச்செந்தூர் பஸ்ஸுலயா?"

மூன்றாவதற்கு ஒரு படத்திலிருந்து கண்ணையும், வேறொன்றிலிருந்து மூக்கையும், மற்றொன்றிலிருந்து உதட்டையும் எடுத்துச் சேர்த்தார். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"கமிட்டி போட்டு வரைஞ்ச மாதிரி இருக்குல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கப்பழம் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். நான் அங்கே நீலத் திரைக்குப் பின்னால் படுத்திருந்தேன். ஏன் என்றால், ஃபேன் அங்கேதான் இருக்கிறது.

"மாஸ்டர், இன்னும் மூணே நாளு. இதுல எது எங்க அக்கா? நீங்களே சொல்லுங்க."

லூர்தம்மாள் கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். டீ வந்தது, ஆறியது. தங்கப்பழம் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் வலது பக்கமாவே இருக்கே அண்ணாச்சி."

"வெளிச்சம் வலது பக்கந்தான் மாஸ்டர். ஜன்னல் அங்க இருக்கு."

"ஜன்னல் நகராது, சரி. நாற்காலி?"

தங்கப்பழம் நடையை நிறுத்தி மேஜைக்கு வந்தார்.

அவள் ஒரு படத்தை எடுத்து, கண்ணைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கருவிழிக்குள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் பக்கத்தில் கடுகளவுக்கு ஓர் ஆள் நின்றான்.

"இது யாரு?"

"நான்தான். என் சட்டைதான் அது."

"முகத்தைக் காணோமே."

"கேமரா மறைக்குது மாஸ்டர்."

அவள் அடுத்த படத்தின் கண்ணைப் பெரிதாக்கினாள். அதற்கடுத்ததையும். எல்லாக் கண்ணிலும் ஒரு சட்டை, அதற்கு மேல் ஒரு கறுப்புப் பெட்டி.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தாள். மூன்று கால் ஸ்டாண்டையும் ஒரு சின்ன ரிமோட்டையும் எடுத்தாள்.

"ஸ்டாண்டைத் தூக்க ஆள் வேணுமே" என்றாள்.

"நான் வாரேன்" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன். அவர்கள் இருவரும் திடுக்கிட்ட திடுக்கிடலில் டீ மறுபடி சூடானது.

ஞானசுந்தரி வீட்டில் லூர்தம்மாள் முதலில் நாற்காலியைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சம் அக்காவின் இடது கன்னத்தில் விழுந்தது. கட்டி தெரிந்தது. எதிரே இன்னொரு நாற்காலி போட்டாள். அதில் உட்காருகிறவர் தோளுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவை மாட்டி, ரிமோட்டைத் தங்கப்பழத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உட்காருங்க அண்ணாச்சி."

"நின்னாத்தான் எனக்கு வரும் மாஸ்டர்."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கண் ஜன்னலுக்குப் போனது, தரைக்குப் போனது, என்மேல் வந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அக்காவின் தாடைக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவருடைய உதடு கோணியது.

"என்னல முழிக்க?" என்றார் அக்கா. "என் பங்குப் பனங்கிழங்கையும் சேத்துத் தின்னுட்டு நின்னியே, அதே முழி."

"நீதான வேண்டாம்னு சொன்ன."

"சொன்னா? உடனே தின்னுருவியா?"

விரல் தானாக அழுத்தியதா, அவர் அழுத்தினாரா, தெரியாது. ஒரே ஒரு சத்தம். லூர்தம்மாள் கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணு போதுமா மாஸ்டர்?"

"அக்காவுக்கு வலிக்குது. வாங்க போவோம்."

இரண்டு நாள் தங்கப்பழம் வெளியே வரவில்லை. அவர் நிழல் டீக்கடையில் தனியாக உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைந்த படத்தைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இவ யாரை இப்படி முறைக்கா?"

"என்னையத்தான்."

"அப்ப சரி," என்றார். "சுவத்துல மாட்டு. நான் திரும்பி வரும்போது எனக்கு நேரா இருக்கணும்."

புதன்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே நீள வராந்தா. தங்கப்பழம் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். லூர்தம்மாள் பெஞ்சில் அசையாமல் இருந்தாள். ஒரு நர்ஸ் அவள் தோளில் துண்டைக் காயப்போட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணி நேரம் போனது. தங்கப்பழம் செல்போனை எடுத்து அந்த ஒற்றைப் படத்தைத் திறந்தார். கண்ணைப் பெரிதாக்கினார். கருவிழிக்குள் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரக் கத்தி பட்ட கீறல்கூட அவன் கன்னத்தில் தெரிந்தது. நான் எட்டிப் பார்த்தேன், பல் மேல் ஆணை.

அவர் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆயிரத்து முந்நூறு எடுத்தேன் மாஸ்டர். ஒண்ணுலயும் எங்க அக்கா வரல. இந்த ஒண்ணுல மட்டும் எப்படி வந்தா?"

"அக்கா எல்லாத்துலயும் வந்திருந்தாங்க அண்ணாச்சி," என்றாள் லூர்தம்மாள். "தம்பி வந்தது இதுலதான்."

தங்கப்பழம் பெஞ்சில் உட்கார்ந்து, சாத்திய கதவைப் பார்த்தபடி இருந்தார்.

நான் அதற்குள் மூன்று நாற்காலி தள்ளிப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் நம்புவதற்காகக் குறட்டையும் விட்டேன். ஆகையால் இதை உங்களுக்குச் சொன்னது யாரென்று மட்டும் எவரிடமும் மூச்சுவிடாதீர்கள். தூங்குகிறவனுக்கு எப்படிக் காது கேட்டது என்று தங்கப்பழம் என் வாசலில் வந்து நிற்பார்.