திருக்கை கிடக்கும் தண்ணீர்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பங்குக் கோயில் உபதேசியார் மரியசிலுவை அண்ணன். என் மூத்தவளுக்குப் பேறுகாலம் பார்த்த வருஷம், கோயிலில் செபம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

வெள்ளை மணல் கடற்கரை ஒன்றில் ஒரு துறவி இருந்தார். வயது முப்பதைத் தாண்டாது. அவரிடம் வந்து சேர்ந்த சீடரோ ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு, பெயர் தொம்மை.

ஏட்டின் மகள் ரெஜினா கடலுக்குள் எதிரே தெரிந்த மணல்திட்டில் குடியிருந்தாள். அப்பாவுக்குப் பிடிக்காத இடத்தில் கலியாணம் செய்துகொண்டவள். அவர் போய்க் கதவைத் தட்டினால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள்.

"நான் சண்டைக்கா போறேன் சாமி? பேரனைப் பாக்கத்தானே போறேன். அவ மனசு எப்ப மாறும்?"

"தண்ணி வத்திக் கிடக்கு. வாங்க ஏட்டையா, நடந்தே போவோம்."

முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். அடிமணல் பளிச்சென்று தெரிந்தது. ஏட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பரேடு போகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"தூக்காதீங்க. மணலை உரசி இழுத்து நடங்க."

"கிழவன் மாதிரியா?"

"இந்தத் தண்ணியில சின்னப் பிள்ளையும் அப்படித்தான் நடக்கும். மணலுக்குள்ள திருக்கை மீனு படுத்திருக்கும். மிதிச்சா வால்முள்ளால குத்திரும்."

ஏட்டு அப்படியே நின்றுவிட்டார். "ஒண்ணும் தெரியலையே!"

"தெரியாது."

இழுத்தே நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஏட்டின் பாதத்துக்கு முன்னால் மணல் அசைந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு திருக்கை எழும்பி, சற்றுத் தள்ளிப் போய் மறுபடி படுத்துக்கொண்டது.

"அம்புட்டு முள்ளை வச்சிக்கிட்டு, ஒண்ணும் செய்யாமப் போகுதே!"

"ஆள் வர்றது முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருச்சு."

திட்டு வந்தது. ரெஜினாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளையின் சத்தம். ஏட்டு கையை ஓங்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"எப்படித் தட்டுறது சாமி?"

"தட்ட வேண்டாம். தள்ளி நின்னு கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு மணல்ல உக்காந்துக்கோங்க."

"அவ வரலேன்னா?"

"வர்றதுக்கு நேரம் குடுக்கிற மாதிரி, வராம இருக்கவும் இடம் குடுங்க."

ஏட்டு பத்தடி பின்னால் போனார். "ரெஜி, அப்பா வந்திருக்கேன்" என்றார். மணலில் உட்கார்ந்தார்.

இன்று செபம் சொல்லும்போது, அந்த அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள்.